புது இன்ஜின், பழைய ரயில்

கேள்வி:

ஐயா, கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனோம். எட்டாவது படிக்கும் என் மகனுக்கு நீராவி இன்ஜின் என்றால் உயிர். ரயில் கிளம்புவதற்கு முன் இன்ஜினுக்குப் பக்கத்தில் போய் நின்று ஆசை தீரப் பார்த்தான். அங்கே இருந்த ஊழியர் ஒருவர், "இது நம்ம பொன்மலையிலேயே செஞ்சது" என்று பெருமையாகச் சொன்னார். செய்து பதினைந்து வருஷம்கூட ஆகவில்லையாம். என் கணவருக்கு முகம் சுண்டிவிட்டது. "நூறு வருஷத்து ரயில்னு கூட்டிட்டு வந்து டூப்ளிகேட்டைக் காட்டுறாங்களே" என்று குன்னூர் வரை புலம்பல். மகன் அவரோடு சண்டை போட்டு, ஊட்டியில் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. யார் சொல்வது சரி? இன்னொன்று: பெரியவனானதும் இந்த இன்ஜினில்தான் வேலை பார்ப்பேன் என்கிறான். வந்தே பாரத் ஓடுகிற காலத்தில் இது நடக்கிற காரியமா, இல்லை இப்போதே மனசை மாற்றிவிடலாமா?

— ஒரு வாசகி, கரூர்

பதில்:

உங்கள் வீட்டுச் சண்டையில் நான் மகன் கட்சி. ஆனாலும் உங்கள் கணவரை ஒரேயடியாக விட்டுக்கொடுக்க மனமில்லை. அவர் கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டுதான் ரயில் பைத்தியங்கள் உலகம் முழுக்க அடித்துக்கொள்கிறார்கள். நானும் அந்தக் கும்பலில் ஒருவன். பணிமனையில் பாயிலர் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் உள்ளே இருந்து பேச முடியும், அவ்வளவுதான்.

முதலில் வயதுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். மலை ரயில் குன்னூர் வரை வந்தது 1899-ல், ஊட்டியைத் தொட்டது 1908-ல். நீங்கள் பார்த்த எக்ஸ் வகை இன்ஜின் அப்போது கிடையாது. சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரத்தில் இருந்த எஸ்.எல்.எம். தொழிற்சாலை 1914-க்கும் 1925-க்கும் இடையில் அந்த வகையில் 12 இன்ஜின்கள் செய்து அனுப்பியது. அவை போதாமல் 1952-ல் மறுபடியும் அங்கேயே சொல்லி இன்னும் 5 வாங்கினார்கள். அந்த ஐந்தும் வந்து இறங்கியபோது அந்த டிசைனுக்கு வயது முப்பத்தெட்டு. அன்றைக்கு மேட்டுப்பாளையத்தில் யாரும் அவற்றை டூப்ளிகேட் என்று சொன்னதாகத் தெரியவில்லை. ஸ்பேர் வந்தது என்றுதான் சந்தோஷப்பட்டிருப்பார்கள். 2010-களில் எண்ணெயில் எரியும் நான்கு இன்ஜின்களும், 2021-ல் நிலக்கரியில் எரியும் ஒன்றும் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் செய்யப்பட்டன. என் கணக்கில் இது மூன்றாவது ஆர்டர். செய்த இடம் விண்டர்தூரிலிருந்து திருச்சிக்கு மாறியிருக்கிறது.

"சரி, 1920-ல் செய்த இன்ஜினாவது அசல்தானே?" என்று உங்கள் கணவர் அடுத்துக் கேட்பார். அங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும். ஓடுகிற நீராவி இன்ஜினில் எது அசல்? பாயிலருக்குள் நெருப்புப் புகை போகிற டியூப்கள் தேய்ந்துவிடும். சில வருஷங்களுக்கு ஒருமுறை உருவி எடுத்துப் புதிதாகச் சொருகி, வாய் விரித்து அடைப்பார்கள். சக்கரத்தின் மேல் இருக்கும் இரும்புப் பட்டை தேயும், மாற்றுவார்கள். பிஸ்டன் ரிங், பேரிங், பிரேக் கட்டை எல்லாம் சாப்பாட்டு அரிசி மாதிரி தீரத் தீர வாங்கிப் போடுகிற சாமான். நெருப்பு எரிகிற ஃபயர்பாக்ஸின் தகடு வெடித்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து ஒட்டுப் போடுவார்கள், பிறகொரு நாள் ஃபயர்பாக்ஸையே மாற்றுவார்கள். ஒரே வகுப்பு இன்ஜின்களுக்குள் பாயிலரைக் கழற்றி மாற்றிப் போடுவதும் பணிமனைகளில் சகஜம். அறுபது வருஷம் ஓடிய இன்ஜினில் முதல் நாள் வந்த இரும்பு எவ்வளவு மிச்சம் என்று கேட்டால், ஃபிரேமும் பெயர்ப் பலகையும் என்று சொல்லலாம். அதையும் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன்.

திருவாரூர் ஆழித் தேரைப் பார்த்திருப்பீர்கள். 1920-களில் தீயில் எரிந்து, திரும்பச் செய்த தேர் அது. பின்னால் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் வைத்துக் கொடுத்தது. வடம் பிடிக்கிற கூட்டத்தில் நின்றுகொண்டு இது டூப்ளிகேட் தேர் என்று சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று. முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிற ஆட்கள் நாளைக்கே இல்லாமல் போனால் நிலைமை வேறு. மரம் அத்தனையும் பழசாக இருந்தும் தேர் நிலையிலேயே நிற்கும்.

மலை ரயிலிலும் அப்படி முட்டுக்கட்டை ஆட்கள் உண்டு. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒருவர் நின்றுகொண்டு வந்தாரே, கவனித்தீர்களா? பிரேக்ஸ்மேன். ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது, டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. முதல் பெட்டியின் முன்னால் நிற்பவர் கொடி காட்டுவார், பின்னால் இருப்பவர்கள் அதை வாங்கி வாங்கி இன்ஜின் வரை கடத்துவார்கள். இறங்கும்போது இன்ஜின் விசில் எத்தனை தரம், எவ்வளவு நீளம் அடிக்கிறது என்பதைக் கேட்டு அவரவர் பெட்டி பிரேக்கைச் சுற்றுவார்கள். தரையில் ஓடும் ரயில்களில் இந்த உத்தியோகம் எப்போதோ போய்விட்டது.

இன்ஜினுக்கு வருகிறேன், எனக்குத் தெரிந்த இடம் அதுதான். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரட்டை இரும்புப் பட்டை ஆரம்பிக்கிறது. ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்டுபிடித்த முறை. இரண்டு பட்டைகளிலும் பற்கள் நேருக்கு நேராக இருக்காது. ஒன்றின் பல் இருக்கிற இடத்தில் மற்றதில் பள்ளம். இன்ஜினுக்கு அடியிலிருக்கும் பல்சக்கரம் ஒரு பட்டையில் ஒரு பல்லை விடுவதற்குள் பக்கத்துப் பட்டையில் இன்னொரு பல்லைப் பிடித்திருக்கும். அதனால் குலுங்காமல், பிடி நழுவாமல் ஏறும். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம் அது. இந்தியாவில் வேறெந்த ரயில் பாதையிலும் பல் தண்டவாளம் கிடையாது.

பட்டைக்குள் நுழையும் இடத்தில் ரயில் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். உங்கள் மகன் அங்கே காதைக் கொடுத்துக் கேட்டிருந்தால் சத்தம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்திருப்பான். இந்த இன்ஜினுக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர். சமதரையில் கீழ் ஜோடி மட்டும் வேலை செய்யும். பல் பட்டை வந்ததும் டிரைவர் ஒரு வால்வைத் திருப்புவார். கீழ் சிலிண்டரில் வேலை முடித்து வெளியே போக வேண்டிய நீராவி மேல் சிலிண்டருக்குள் போய், இன்னொரு தரம் உழைத்து, பல்சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகும். ஒரே நீராவிக்கு இரண்டு ஷிஃப்ட். கூர்ந்து பார்த்தால் மேலே இருக்கும் கம்பிகள் கீழே இருப்பவற்றைவிட வேகமாக, எதிர்த்திசையில் சுழல்வது தெரியும். முதல் தடவை பார்க்கிறவர்கள் ஏதோ கோளாறு என்று பயந்துவிடுவார்கள்.

இப்போது அந்த ஏற்றத்தில் பாயிலரை நினைத்துப் பாருங்கள். நான்கு மீட்டர் நீளமுள்ள ஒரு பாத்திரத்தைப் பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் வைத்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரு முனையைவிட மறுமுனையில் ஓர் அடிக்கு மேல் ஆழமாக நிற்கும். ஃபயர்பாக்ஸின் கூரைத் தகடு ஒரு நொடிகூடத் தண்ணீருக்கு வெளியே தலை நீட்டக் கூடாது. நீட்டினால் தகடு சிவந்து, இளகி, உள்ளே விழுந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதை எழுத வேண்டாம். கேஜ் கிளாஸ் என்கிற கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் தெரியும். ஆனால் ஏற்றத்தில் அது காட்டுகிற மட்டம் ஒன்று, வளைவில் காட்டுகிறது ஒன்று, ஸ்டேஷனில் நின்றதும் காட்டுகிறது வேறொன்று. இந்தப் பாதையில் 208 வளைவுகள். எந்த இடத்தில் கண்ணாடியை நம்பலாம், எங்கே அது பொய் சொல்கிறது என்பது எந்த வரைபடத்திலும் எழுதியிருக்காது. கூட வேலை செய்கிற மூத்தவர் காட்டித்தான் தெரிய வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாயிலர் மேஸ்திரி இருந்தார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பாயிலருக்குள் நீராவி சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோவுக்கு மேல் அழுத்தும். ஒரு சதுர அடித் தகட்டின் மேல் ஒன்பது டன்னுக்கு மேல் பாரம். உள் தகடும் வெளித் தகடும் பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க, நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அவற்றில் எது உள்ளுக்குள் முறிந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. மேஸ்திரி ஆறிய ஃபயர்பாக்ஸுக்குள் குனிந்து நுழைவார், கையில் சின்னச் சுத்தியல். ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிக்கொண்டே போவார். நல்லது "டிங்" என்னும். முறிந்தது "டொக்" என்னும். எனக்கு எல்லாமே டிங் ஆகத்தான் கேட்டது. மூன்று மாதம் கழித்துத்தான் ஒரு டொக் என் காதில் விழுந்தது. சாக்குக் கட்டியால் வட்டம் போட்டேன். அவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இது சரி. இதுக்குப் பக்கத்துலயே ஒண்ணு இருக்கு, அதை விட்டுட்டே" என்றார்.

சித்தரஞ்சன் தொழிற்சாலையில் நீராவி இன்ஜின் செய்வது 1972-ல் நின்றது. தொண்ணூறுகளோடு பிரதானப் பாதைகளில் நீராவி முடிந்துவிட்டது. என் மேஸ்திரி மாதிரி ஆட்கள் ஓய்வு பெற்றார்கள், பலர் போய்ச் சேர்ந்தார்கள். இந்த நிலையில் பொன்மலைக்காரர்கள் இன்ஜினைப் பழுது பார்ப்பதோடு நிற்காமல், பாயிலர் தகட்டை வளைத்து, சிலிண்டரை வார்த்து, முழு இன்ஜினையே எழுப்பியிருக்கிறார்கள். பல வருஷமாக அபூர்வமாகிப்போன வேலை. உங்கள் கணவர் டூப்ளிகேட் என்று சொன்ன அதே சங்கதியைத்தான் நான் இந்த ரயிலின் ஆகப் பெரிய சொத்து என்கிறேன்.

இந்த விஷயத்தில் வெள்ளைக்காரனே கோட்டைவிட்டிருக்கிறான். இங்கிலாந்தில் ஏ1 வகை விரைவு இன்ஜின்கள் அத்தனையையும் அறுபதுகளுக்குள் உடைத்து இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். பிறகு ஆர்வலர்கள் சேர்ந்து, வருஷக்கணக்கில் பணம் திரட்டி, டொர்னேடோ என்று ஒன்றைப் புதிதாகச் செய்து 2008-ல் ஓட்டினார்கள். அதற்கு பாயிலர் எங்கே செய்தார்கள் தெரியுமா? ஜெர்மனியில், மைனிங்கன் பணிமனையில். நீராவி இன்ஜின் பிறந்த நாட்டில் அவ்வளவு பெரிய பாயிலர் செய்ய அப்போது ஆள் கிடைக்கவில்லை. நம் எக்ஸ் இன்ஜினைச் செய்த எஸ்.எல்.எம். வேறு வழியில் போனது. அங்கே உள்ள மலை ரயில்களுக்கு 1992-ல் புதிய வடிவத்திலேயே எண்ணெயில் எரியும் நீராவி இன்ஜின்கள் செய்து கொடுத்தார்கள். சுவிட்சர்லாந்தில் பிரியன்ஸ் ஏரிக்கரையிலிருந்து ரோட்ஹார்ன் மலைக்குப் பழசும் புதுசும் சேர்ந்தே ஏறுகின்றன.

அசல் இரும்புதான் வேண்டும் என்று உங்கள் கணவர் பிடிவாதமாக இருந்தால், ஊருக்கு ஊர் ரயில் நிலைய வாசலில் மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்களே, அவற்றைப் போய்ப் பார்க்கலாம். அசலோ அசல். ஒரு நிலையத்து வாசலில் (ஊர் பெயர் வேண்டாம்) நிற்கும் இன்ஜினை வருஷத்துக்கு ஒருமுறை விழாவுக்கு முதல் நாள் எண்ணெய்ப் பிசுக்கைக்கூடத் துடைக்காமல் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். பித்தளைச் சாமான் ஒன்றுகூட மிச்சமில்லை. புகைபோக்கிக்குள் மழை இறங்கி, அடித் தகடு வடை மாதிரி ஓட்டையாகிவிட்டது. ஒரு நாள் ஓர் ஆட்டுக்குட்டி ஃபயர்பாக்ஸ் கதவு வழியாக எட்டிப் பார்த்ததைக் கண்ணால் கண்டேன்.

மேடை ஏறியதெல்லாம் செத்ததுதான் என்றும் சொல்லிவிட முடியாது. 1855-ல் லீட்ஸ் நகரத்தில் செய்த எக்ஸ்பிரஸ் என்ற இன்ஜின் நூறு வருஷத்துக்கும் மேலாகக் காட்சிப் பொருளாக நின்றது. சென்னை பெரம்பூர் லோகோ பணிமனைக்காரர்கள் அதை வாங்கி, காணாமல் போன பாகங்களைச் செய்து சேர்த்து 2010-ல் ஓடவிட்டார்கள். எழும்பூரிலிருந்து கோடம்பாக்கத்துக்கு அது ஓடியபோது பாலத்தின் மேலெல்லாம் ஜனம். அதன் உடன்பிறப்பு மாதிரியான ஃபேரி குயீன் இன்ஜினையும் 1997-ல் உயிர்ப்பித்தது பெரம்பூர்தான். தமிழ்நாட்டுப் பணிமனைக் கைகளைப் பற்றி நாம் பேசிக்கொள்வது குறைவு.

உங்கள் கணவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் சேர்க்கிறேன். குன்னூரில் இன்ஜின் மாற்றி, அங்கிருந்து ஊட்டிக்கு டீசல் இழுத்துக்கொண்டு போனதே, அதற்கு அவர் புலம்பியிருந்தால் நானும் கூடச் சேர்ந்து புலம்பியிருப்பேன். எண்ணெயில் எரியும் இன்ஜினிலும் எனக்கு ஒரு குறை உண்டு. கோடையில் நிலக்கரிப் பொறி பறந்து காட்டில் தீப்பிடிக்கும் பயம், நல்ல கரி கிடைக்காத கஷ்டம் என்று காரணங்கள் சரியானவையே. ஆனால் ஃபயர்மேன் மண்வெட்டியோடு நின்று, எந்த மூலையில் நெருப்பு மெலிந்திருக்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, சரியாக அந்த இடத்தில் கரியை வீசுகிற வேலை எண்ணெயில் இல்லை. எண்ணெயில் வால்வைத் திருகினால் போதும். அதனால்தான் 2021-ல் கரி இன்ஜின் ஒன்று வந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

யுனெஸ்கோ 2005-ல் இந்த ரயிலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததைப் பற்றியும் அவர் கேட்பார். அந்தப் பெருமை ஏதோ ஓர் இன்ஜினுக்குக் கிடைத்ததல்ல. பல் பாதை, 16 குகைகள், 250 பாலங்கள், இதையெல்லாம் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பது எல்லாம் சேர்ந்து வாங்கியது. டார்ஜிலிங் ரயில் 1999-லேயே உள்ளே போயிருந்தது, அதோடு இதையும் சேர்த்தார்கள்.

இனி மகன் விஷயம். மனசை மாற்ற வேண்டாம். எட்டாவது படிக்கும் பையனின் ஆசை தானாக மாறினால் மாறட்டும். மாறாவிட்டால் வழி இருக்கிறது, குறுகலான வழி. நீராவி இன்ஜின் ஓட்டுவதற்கென்று தனியாக ஆள் எடுப்பதில்லை. ரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் தேர்வு எழுதி உதவி லோகோ பைலட்டாகச் சேர வேண்டும். அதற்கு ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ வேண்டும். மலை ரயில் சேலம் கோட்டத்தில் வருகிறது. அந்தக் கோட்டம் கிடைக்க வேண்டும், பிறகு மலைக்கு அனுப்ப வேண்டும். இரண்டும் நம் கையில் இல்லை. ஆனால் அவனுக்கு ஓட்டுவதுதான் பிடிக்குமா, கழற்றிப் பூட்டுவதா? வீட்டில் மிக்ஸி ரிப்பேரானால் அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறான் என்றால் பணிமனைதான் அவன் இடம். ஃபிட்டர், வெல்டர் படிப்புகளுக்குப் பொன்மலையில் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். பாயிலர் வேலை தெரிந்தவனுக்கு ரயில்வே இல்லாவிட்டாலும் சர்க்கரை ஆலை, காகித ஆலை என்று சோறு உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் புகளூரிலேயே இரண்டும் இருக்கின்றன. நீராவிக்கு இன்னும் அங்கே மரியாதைதான்.

அதுவரைக்கும் திருச்சியில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள், கரூரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். சென்னைக்குப் போனால் ஐ.சி.எஃப். பக்கத்தில் உள்ள அருங்காட்சியகம். இன்ஜினைத் தொட்டுப் பார்க்க விடுவார்கள்.

மலை ரயிலுக்கு மறுபடி போவதாக இருந்தால் இந்தத் தடவை ஊட்டியிலிருந்து இறங்குகிற ரயிலில் போங்கள். பெரும்பாலானவர்கள் ஏற்றத்துக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் இன்ஜினின் சாமர்த்தியம் இறக்கத்தில்தான் தெரியும். இறங்கும்போது நீராவி தள்ளுவதில்லை. டிரைவர் சிலிண்டர்களைத் திருப்பிப் பிடித்து, காற்றை உறிஞ்சி அழுத்த வைக்கிறார். சைக்கிள் பம்பின் வாயைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கினால் கை திணறுமே, அந்தத் திணறல்தான் பிரேக். அமுக்கிய காற்று கொதிக்கும் என்பதால் சிலிண்டருக்குள் கொஞ்சம் தண்ணீர் விடுவார்கள், அது ஆவியாகி உஸ் என்று வெளியே வரும். அந்த முறைக்குப் பெயர் ரிகன்பாக் பிரேக். ரிகன்பாக் 1882-லேயே நீலகிரிக்கு வந்து, இங்கே பல் ரயில் போடலாம் என்று திட்டம் சொன்னவர். அவர் சொன்ன மாதிரி பாதை அமையவில்லை, ஆப்ட் முறைதான் வந்தது. ஆனால் ஒவ்வொரு இறக்கத்திலும் அவர் வித்தைதான் ரயிலைப் பிடித்து நிறுத்துகிறது.

இன்ஜினுக்கு அடுத்த பெட்டியில் இடம் கிடைத்தால் கணவரை ஜன்னலோரம் உட்கார வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள். கையில் ஒரு துண்டு இருக்கட்டும், சாரல் தெறிக்கும். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள், வடை கிடைக்கும். வாங்கினால் உள்ளே வந்து சாப்பிடுங்கள். அங்கே பிளாட்பாரத்தில் குரங்குகள் உங்களுக்கு முன்னாலேயே இறங்கி நிற்கும்.